லிஃப்ட் அக்காவும் செங்கல் பள்ளமும்

மாநகராட்சி அலுவலகத்தில் நான் தட்டச்சராகச் சேர்ந்த அன்று, என்னை நான்காவது மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனவள் அவள்தான். ஆறு மாடிக் கட்டடம், ஒரே லிஃப்ட். அதற்குள் ஒரு உயரமான ஸ்டூல், தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் சின்ன விசிறி, இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு மணி வரை அவளுடைய உலகம் அவ்வளவுதான். மேயரிலிருந்து பெருக்குகிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா.

"தினமும் நூறு தடவை மேல போறேன், பதவி மட்டும் உயர மாட்டேங்குது பாரு" என்றாள். நான் சிரித்தேன். புதிதாக வருகிற எல்லோரிடமும் இதையே சொல்வாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவளுடைய அப்பா மாநகராட்சியில் சாலைப் பணியாளராக இருந்து, பணிக்காலத்திலேயே இறந்துபோனவர். அதனால் கிடைத்த வேலை இது. வீடும் அப்பாவுக்கு ஒதுக்கியதுதான். தொழிலாளர்களுக்காக எப்போதோ கட்டிய பதினான்கு வீடுகள், ஒன்றின் சுவரில் இன்னொன்று சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரே வரிசையாக. முன்னறையில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. சமையலறை ஜன்னல் பின்பக்கம் பார்த்திருக்கும். ஆனால் அதைத் திறக்க முடியாது. பின்னால்தான் பள்ளம்.

முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த இடம் அது. சூளை போய், சுற்றிலும் நகரம் வளர்ந்து, பள்ளம் மட்டும் நடுவில் தங்கிவிட்டது. அடியில் கறுப்பாகத் தண்ணீர், ஓரமெல்லாம் முள்புதர், ஒரு மூலையில் ஆள் உயரத்துக்கு நாணல். எதிர்க்கரையில் ஐந்தாறு அடுக்குமாடிகள். அங்கிருந்தும் குப்பை வந்து விழும், இந்த வரிசை வீடுகளிலிருந்தும் விழும். சாயங்காலமானால் யாராவது அதற்குத் தீ வைத்துவிடுவார்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை வீட்டுக்குள் வந்து துணி, தலையணை, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

அக்காவின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மூச்சிரைப்பு உண்டு. புகை வந்த நாட்களில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்க, மூச்சுக்குப் போராடுவாளாம். ஆஸ்பத்திரியில் மருத்துவர், "வீட்டை மாத்துங்க, இல்ல புகையை நிறுத்துங்க" என்றார். வீட்டை மாற்ற வழியில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஒரு கடப்பாரையும் பழைய கோணிப்பையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள்.

அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். எதையும் கிண்டல் இல்லாமல் பேச வராது. பின்வாசலில் நின்றுகொண்டு, "எங்க கிளம்பிட்ட? புதையல் எடுக்கவா?" என்றார்.

"ஆமா. கிடைச்சா உங்களுக்குப் பாதி."

"எனக்கு வேணாம். எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ."

முதல் மாதம் அவள் தனியாகத்தான் இறங்கினாள். மருந்து பாட்டில், கிழிந்த மெத்தை, டயர், கழிப்பறைப் பீங்கான், ஒரு முழு அலமாரி. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முதலில் இறங்கி வந்தவர் மூன்றாவது வீட்டுத் தையல்காரர். விளம்பர பேனர் துணியை வெட்டித் தைத்து, கைப்பிடி வைத்த பெரிய பைகள் பத்துப் பன்னிரண்டு கொண்டுவந்தார். "கோணிப்பை கிழியும்க்கா. இது எங்க அம்மா என்னைத் திட்டின திட்டு மாதிரி, எத்தனை வருஷம் ஆனாலும் கிழியாது" என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

கடைசியாக வந்தவர் கணவர். தண்ணீர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். அடுக்குமாடிகளின் கழிவுக்குழாய் ஒன்று உடைந்து, பல வருடமாகப் பள்ளத்துக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று ஞாயிறு சேற்றில் படுத்துக் கிடந்து அதை அடைத்தார். அந்த மழைக்காலத்தில் தண்ணீர் பழுப்பானது, அடுத்த மழைக்காலத்தில் தெளிந்தது. நாணலையும் வெட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது அக்கா விடவில்லை. நாணல் இருக்கிற பக்கம்தான் தண்ணீர் முதலில் தெளிந்தது என்பதை அவள் ஜன்னலிலிருந்து கவனித்திருந்தாள்.

குவித்த குப்பையை அள்ளிப்போக லாரி வேண்டியிருந்தது. மனு கொடுத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. ஒருநாள் தலைமைப் பொறியாளர் தனியாக லிஃப்டில் ஏறினார். ஐந்தாவது மாடி என்றார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"கொஞ்சம் மக்கர் பண்ணுது சார். ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்" என்றாள் அக்கா. அந்த இரண்டு நிமிடத்தில் பள்ளத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பொறியாளருக்கு வியர்த்தது.

"சரிம்மா, செய்யுங்க. யாரு வேணாம்னு சொன்னா? லாரி அனுப்பச் சொல்றேன்."

லிஃப்ட் உடனே கிளம்பியது. லாரிகளும் வந்தன. ஆனால் அனுமதி என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. ஒரு பெரிய மனிதர் வாயால் சொன்ன பிறகு காகிதம் எதற்கு என்று நினைத்தாள். அத்தனை வருடம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவள், அப்படி நினைத்திருக்கக் கூடாது.

நான் அங்கே முதல் தடவை போனது எட்டாவது வருடத்தில். நம்ப முடியவில்லை. சரிவில் படி வெட்டியிருந்தார்கள். பழைய கதவுகளை அறுத்துச் செய்த பெஞ்சுகள், வீட்டுக்கு ஒரு பாத்தி என்று கீரை, தக்காளி, பூசணி. ஒரு பக்கம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட மண் பாதை. முதலில் "எங்க பக்கம் ஆள் நடமாட்டம் வேணாம்" என்று சண்டைக்கு வந்த அடுக்குமாடிக்காரர்கள் காலையில் அங்கேதான் நடந்தார்கள். நாணலுக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி, பின்னால் நான்கு குஞ்சுகளோடு, யாரையும் லட்சியம் செய்யாமல் நீந்திப் போனது.

"நாங்க எதையும் கொண்டுவந்து விடல" என்றாள் அக்கா. "அதுவா வந்துச்சு." அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த கர்வத்தை நான் லிஃப்டுக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை. மகள் பள்ளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஓடி ஏறினாள். மூச்சு வாங்கவில்லை.

அந்த வருடம் ஒரு பத்திரிகையில் படம் வந்தது. பள்ளத்தின் கரையில் பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா பின்னால், பாதி மறைந்து.

படம் வந்த பிறகு யார் யாரோ வர ஆரம்பித்தார்கள். அளந்தார்கள், வரைந்தார்கள். வரிசை வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். விளக்கு வரும், குடிநீர்க் குழாய் வரும் என்று பேசிக்கொண்டார்கள். தையல்காரர் அவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, பொறியாளரும் வரைபடச் சுருளோடு ஒருவரும் லிஃப்டில் ஏறினார்கள். ஐந்தாவது மாடி. அக்கா வழக்கம்போல அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். லிஃப்டில் பேசுகிறவர்கள் லிஃப்ட் ஓட்டுகிறவளுக்கும் காது உண்டு என்று நினைப்பதில்லை.

"பார்க்குக்கு மெயின் கேட் அந்தப் பக்கம் வந்தாத்தான் சார் அழகு."

"அந்தப் பக்கம் வீடு இருக்கே?"

"பதினாலே பதினாலு. அதை எடுத்துட்டா கேட்டும் ஆச்சு, பார்க்கிங்கும் ஆச்சு. உங்க இடம்தானே சார்?"

"நம்ம இடம்தான். வேற எங்கயாவது குடுத்துடலாம்."

லிஃப்ட் ஐந்தில் நிற்கவில்லை. ஆறாவது மாடிக்குப் போய்த் தட்டி நின்றது.

"அஞ்சுன்னு சொன்னேனேம்மா" என்றார் பொறியாளர்.

"மன்னிச்சிடுங்க சார்" என்று திரும்ப இறக்கினாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்தாள். அதற்கு முன் ஒருமுறைகூட அவள் என் அறைக்குள் வந்ததில்லை. "உண்மையா இது? உன் பிரிவுலதானே கோப்பெல்லாம் வரும். உனக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்ததே நான்தான். 'மேற்படி இடம் நீண்டகாலமாகப் பயன்பாடின்றிப் புதர் மண்டிக் கிடக்கும் நிலமாகும்' என்பது முதல் வரி. அதைத் தட்டும்போது என் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்டினேன். கொடுத்ததைத் தட்டுவதுதான் என் வேலை.

"தெரியலையேக்கா" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

வரிசை வீட்டுக்காரர்கள் மனு எழுதினார்கள். எல்லா வீட்டிலும் கையெழுத்து, முதல் கையெழுத்து அக்காவுடையது. மனு போன நான்காம் நாள் பொறியாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயத்தைக் கொடுத்ததாம்.

"ஏம்மா, நிலம் நிர்வாகத்தோடது, நீயும் நிர்வாகத்தோட ஆளு. நிர்வாகத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு நிர்வாகத்துக்கு எதிரா கையெழுத்துப் போட்டா எப்படி? மேல கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"சார், நீங்கதானே செய்யுங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேனா? எழுத்துல ஏதாவது இருக்கா?"

மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கணவருக்கு வேலை ஒருநாள் இருக்கும், மூன்று நாள் இருக்காது. வீட்டில் நிலையாக வருவது இந்த லிஃப்ட் சம்பளம் ஒன்றுதான். அக்கா ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் செய்தி அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. தெருமுனையிலேயே பக்கத்து வீட்டுப் பெண் மறித்தாள். எட்டு வருடம் ஒன்றாக மண் சுமந்தவள்.

"குப்பையா கிடந்தவரைக்கும் எவனாவது எட்டிப் பார்த்தானா? பளபளன்னு ஆக்கி அவன் கண்ணுல காட்டினது நீ. இப்ப கையெழுத்தையும் எடுத்துக்கிட்ட. உனக்கு வேலை இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

அக்கா அவளைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்குள் மகளும் அதையே வேறு மாதிரி கேட்டாள்.

"புகையை நிறுத்தினதோட விட்டிருக்கலாம்ல? பெஞ்சு எதுக்கு, பாத்தி எதுக்கு? யாரும்மா உன்னை இதெல்லாம் செய்யச் சொன்னா?"

"உனக்காகத்தானே ஆரம்பிச்சேன்."

"என் மேல பழி போடாத."

கணவர் அன்று ஒரு கிண்டலும் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் அறுத்தது.

மனு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. எட்டு மாதம் கழித்து ஆளுக்கொரு உத்தரவு வந்தது. ஊரின் மறுகோடியில், இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில், ஒரு பெரிய குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு. போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரு காலை நேரத்தில் இயந்திரங்கள் வந்தன. வீடுகளை நாளைக்கு இடிக்கலாம் என்று விட்டுவிட்டு, முதலில் பள்ளத்துக்குள்தான் இறங்கின. நாணலை வழித்து எடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பூசணி அப்போதுதான் காய்த்திருந்தது. யாரோ ஓடிப்போய் இரண்டு பறித்து வந்தார்கள். அக்கா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே இருந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

புது இடத்தில் கணவரை யாருக்கும் தெரியாது. அவருக்கு வேலை கொடுத்ததெல்லாம் பள்ளத்தைச் சுற்றியிருந்த அடுக்குமாடிகள்தான். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து ஏறிப் பழைய இடத்துக்குப் போவார். அவசரமென்று கூப்பிடுகிறவர்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பார்களா? ஒரு வருடத்துக்குள் அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். "நான் அடைச்ச குழாய் இன்னும் ஒழுகல. அதான் என்னைக் கூப்பிட மாட்டேங்கறாங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வேறு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பூங்கா திறப்பு விழாவுக்கு அலுவலர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நாற்காலிகளை நிரப்ப வேண்டுமல்லவா. நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் வீடு இருந்த இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. குளமாகிவிட்ட பள்ளத்தைச் சுற்றிலும் சிமெண்ட் கரை, நடுவில் நீரூற்று. நுழைவாயிலில் பலகை: காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை. மண்ணைத் தோண்டாதீர், செடிகளைத் தொடாதீர்.

மேடையில் ஒருவர், "பாழாய்க் கிடந்த இந்தக் குப்பை மேட்டைத் தன் கனவால் பூங்காவாக்கிய நம் பொறியாளர்" என்றார். கைதட்டல் எழுந்தது. எங்கள் மேற்பார்வையாளர் வரிசையின் ஓரத்தில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் தட்டினாள். மூன்று தடவை, மெதுவாக. நான் அவள் கைகளைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அக்கா, அந்தக் கோப்பை நான்தான் தட்டினேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"எங்களுக்கு வந்த உத்தரவுல அதோட நகலும் இருந்துச்சு. கீழ மூலையில தட்டினவங்க முதலெழுத்து இருக்கும்ல? பார்த்தேன்."

அந்த உத்தரவு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் என்னை நான்காவது மாடிக்கு ஏற்றிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? நானே கையெழுத்தை எடுத்தவ" என்றாள். மன்னித்துவிட்டாளா இல்லையா என்று அதிலிருந்து எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை.

வெளியே வரும்போது நுழைவாயிலை ஒட்டிய தின்பண்டக் கடையிலிருந்து தையல்காரர் கூப்பிட்டார். கடை அவருக்குக் கிடைத்திருந்தது. வரிசை வீட்டிலிருந்து முதலில் காலி செய்து சாவியைக் கொடுத்தவர் அவர்தான். அது எதற்காக என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இரண்டு கோப்பை டீயை நீட்டினார்.

"பிள்ளைங்க இருக்காங்கக்கா. வேற வழி தெரியல."

அக்கா டீயை வாங்கிக்கொண்டாள். "நீர்க்கோழி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"சிமெண்ட் போட்டதிலேர்ந்து வரலக்கா."

அவள் டீயை முழுதாகக் குடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

போன வருடம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். புதுக் குடியிருப்பின் பின்னால் ஒரு காலி நிலம் இருக்கிறதாம். பழைய வாய்க்கால் ஒன்று தூர்ந்து, புதர் மண்டி, ஏழு கட்டடத்துக் குப்பையும் அங்கேதான் விழுகிறது. கீழ்வீட்டுப் பெண்கள் நான்கு பேர் அக்காவைத் தேடி வந்தார்கள். "அந்தப் பூங்காவை ஆரம்பிச்சதே நீங்கதானாமே? இங்கயும் ஒண்ணு செய்யலாம்க்கா. நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்."

"அப்படியே கிடக்கட்டும்" என்றாளாம். "நாறட்டும். அப்பதான் யாரும் கிட்ட வரமாட்டாங்க."

அவர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுத் தாங்களாகவே ஒரு ஞாயிறு இறங்கினார்கள். மாடியிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கழித்து, அந்தக் கூட்டத்தில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. கணவர். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, வாய்க்காலுக்குள் கையை விட்டு, தண்ணீர் எங்கே அடைத்திருக்கிறது என்று அந்தப் பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"இறங்கிப் போயி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன்" என்றாள் என்னிடம். "எல்லார் முன்னாடியும் கத்தினேன். இந்த வீடாவது மிஞ்சட்டும்னு சொன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தப் பொம்பளைங்களும் விட்டுட்டாங்க. குழாய் வேலை தெரிஞ்ச ஆள் இல்லாம என்ன பண்ண முடியும்? இப்ப மறுபடியும் குப்பை கொட்றாங்க."

லிஃப்ட் கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு, "நானும் அங்கதான் கொட்றேன்" என்றாள்.